சுவர் யார் சொல் கேட்கும்?

1924-ஆம் ஆண்டு. ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரம். பிரின்ஸ் ஹென்ட்ரிக் சாலையின் கோடியில் ஒரு வீடு எழுந்தது. பக்கத்திலே பழைய பாணிச் செங்கல் வீடுகள். தோளோடு தோள் ஒட்டி, அடக்க ஒடுக்கமாக வரிசையில் நிற்பவை. அந்த வரிசையின் கடைசி வீட்டுச் சுவரை ஒட்டிக்கொண்டு, வெள்ளையும் சாம்பலுமாய்த் தட்டைச் சுவர்கள்! சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்க் கம்பிகள்! காற்றிலே கை நீட்டியதுபோல் மாடி முகப்புகள்! கண்டவர் நின்றனர், நின்றவர் நகைத்தனர். அந்த வீட்டுச் சிறுமி பள்ளிக்குச் சென்றால், பைத்தியக்கார வீட்டுப் பெண் என்று உடன் பயில்வோர் கேலி பேசினர்.

அதே வீட்டை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலே சேர்த்தது. கட்டடக் கலை பயில்வோர் அதன் வண்ணத்தைப் பேசுவர், கோணத்தைப் பேசுவர், அதனை ஈன்ற 'டி ஸ்டைல்' கலை இயக்கத்தைப் பேசுவர். பேசட்டும், பேசத் தக்கதுதான். ஆயினும் நாம் எடுத்துச் சொல்ல விரும்புவது வேறு. அந்த வீட்டின் மாடியிலே அறைகளைப் பிரிக்கும் நிலைச்சுவர்கள் கிடையா. வேண்டாம் என்று சொன்னவர் ஒரு கைம்பெண். அவர் சொல்லுக்குச் சுவர் பணிந்தது!

கணவனை இழந்தவளுக்கு வீட்டின் இருட்டு மூலையைக் காட்டிப் பழகிய நாட்டிலே பிறந்தவர்கள் நாம். இந்தச் செய்தியைப் படித்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிட நம்மால் இயலவில்லை.

அம்மையாரின் பெயர் ட்ரூஸ் ஷ்ரோடர். 1889-இல் பிறந்தவர். மருந்தியல் கற்றவர். 1911-இல் வயதில் மூத்த ஒரு வழக்கறிஞரை மணந்தார். மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். வசதிக்குக் குறைவில்லை, வாழ்ந்த இல்லமும் பெரிது. ஆனால் குழந்தைகளை எப்படி வளர்ப்பது என்பதிலே கணவன் வழி ஒன்று, மனைவி வழி ஒன்று. வீடு கணவன் வழிக்கேற்ப அமைந்திருந்தது. உயர்ந்த கூரை, கனத்த கதவுகள், விருந்தினருக்கென ஒதுக்கிய கூடங்கள்! இங்கே என்னால் மூச்சுவிட முடியவில்லை என்பது போன்ற ஏக்கம் மனைவிக்கு. 1921-இல், அந்த இல்லத்திலேயே ஓர் அறையை மட்டும் அவர் விருப்பம்போல் மாற்றித்தர ஏற்பாடாயிற்று. மாற்றித் தந்தவர் கெரிட் ரீட்வெல்ட் என்னும் தச்சர். தச்சர் மகன் தச்சர்; சிறு வயதிலேயே தந்தையின் பட்டறைக்குச் சென்று உளி பிடித்தவர்.

1923-இல் கணவர் மறைந்தார். அதுவரை ஓர் அறை கேட்ட அம்மையார், இப்போது ஒரு வீடு கேட்டார். அதே தச்சரை அழைத்தார். முழு வீடொன்றை அதற்குமுன் கட்டியறியாதவர் ரீட்வெல்ட். கட்டச் சொன்ன அம்மையாருக்கோ, தான் எப்படி வாழ விரும்புகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது.

அவர் விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள். அறை எதுவாயினும் கட்டிலை இரண்டு விதமாகவேனும் திருப்பிப் போட இடம் வேண்டும். தண்ணீர்க் குழாயும் வடிகாலும் அந்தந்த அறைக்கே வரவேண்டும். வெளியே செல்ல அறைக்கொரு கதவு வேண்டும். ஏன்? இன்று ஒருவர் உறங்கும் அறை நாளை வேறொருவர் தனிக்குடித்தனம் நடத்தும் அறையாகலாம் என்பதை அவர் கட்டும்போதே கணக்கிட்டார். குழந்தை குழந்தையாகவே இருந்துவிடுமா? வளரும், வெளியே செல்லும், திரும்பியும் வரக்கூடும். இது எவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், கட்டும்போது நினைப்போர் எத்தனை பேர்!

மாடியைத் திட்டமிடும்போது, இந்தச் சுவர்களையும் எடுத்துவிட இயலுமா என்று அம்மையார் கேட்டார். தச்சருக்கு மகிழ்ச்சி. அவர் திறந்தவெளியை விரும்பும் கலைஞர். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே கூடமாக விடவும் அவர் ஆயத்தம். தடுத்தவர் அம்மையார்தான். பிரிக்கவும் வழி வேண்டும் என்றார். கலைஞனுக்குத் திறந்தவெளி அழகு. மூன்று குழந்தைகளை வளர்ப்பவளுக்கோ இரவும் உண்டு, நோயும் உண்டு, தனிமை தேடும் வயதும் உண்டு. அவ்வாறு பிறந்தவைதாம் அந்த நகரும் தடுப்புகள்.

பகலில் தடுப்புகளைத் தண்டவாளத்தின்மீது தள்ளி ஒதுக்கிவிட்டால், படிக்கட்டைச் சுற்றி மாடி முழுதும் ஒரே கூடம். இரவில் இழுத்து மூடினால் மகனுக்கு ஓர் அறை, பெண்கள் இருவருக்கும் ஓர் அறை, உண்ணவும் உரையாடவும் ஓர் இடம், தாய்க்கு ஓர் அறை. நான்கிலும் சிறியது தாயின் அறை! கீழேயுள்ள சமையலறையிலிருந்து உணவு ஏறிவரச் சிறு தூக்கி. வாசலில் நிற்பவருடன் மாடியிலிருந்தே பேச ஒரு குழாய். மூலைச் சாளரத்தின் இரு கதவுகளையும் திறந்துவிட்டால், மூலையில் தூணே இல்லை. வீட்டின் முனையே மறைந்து வெளியும் உள்ளும் ஒன்றாகிவிடும். முழுவதும் கான்கிரீட்டில் கட்டத்தான் எண்ணினர், செலவு கட்டுப்படியாகவில்லை. அடித்தளமும் மாடி முகப்புகளும் கான்கிரீட். மற்றவை செங்கல்லும் மரமும் பூச்சும்தான்.

ஏன் இந்தத் திறந்த கூடம்? பெரியோர் கூடி வாதிடுவதைக் குழந்தைகள் கேட்டு வளரவேண்டும் என்பது அம்மையாரின் ஆசை. நல்லவை பேசுவோர் கூடத்திலும், பிள்ளைகள் பின்கட்டிலும் என்ற ஏற்பாட்டை அவர் வெறுத்தார். அந்தப் பிள்ளைகளிலே இளையவர் ஹான், பின்னாளில் தாமே கட்டடக் கலைஞரானார். ஹாலந்து நாட்டில் அந்தத் தொழிலுக்கு வந்த முதற் பெண்கள் சிலருள் ஒருவர் அவர்.

சட்டம் இதற்கு இடங்கொடுத்ததா? அதுதான் வேடிக்கை! வாழும் அறை என்றால் இன்ன அளவு, இன்ன சுவர் என்று நகராட்சியின் விதிகள் கூறின. சுவரே இல்லாத மாடிக்கு எந்த அதிகாரி ஒப்பமிடுவார்? எனவே வரைபடத்திலே அந்த மாடிக்குப் 'பரண்' என்று பெயரிட்டு அளித்தனர். பரணுக்கு விதியில்லை! ஒரு குடும்பத்தின் வாழ்வு முழுதும் நடந்த இடம், அரசாங்க ஏட்டிலே தட்டுமுட்டுச் சாமான் போடுமிடம். விதிகளை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. 1901-ஆம் ஆண்டின் ஹாலந்து வீட்டுவசதிச் சட்டம் ஏழைகளை இருட்டுப் பொந்துகளிலிருந்து மீட்ட நல்ல சட்டம். ஆனால் நல்ல சட்டமும், குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு சித்திரத்தைத் தீட்டி வைத்துக்கொண்டுவிடுகிறது.

ஒன்றை மறைப்பது முறையாகாது. மாடியிலே தள்ளுசுவர், கீழ்த்தளத்திலோ விதிப்படி எழுப்பிய கற்சுவர். அந்தக் கீழ்த்தளத்து அறைகளில் ஒன்று பணிப்பெண்ணுக்கு உரியது. எசமானிக்கு நகர்ந்த சுவர் ஏவலாளுக்கு நகரவில்லை. இந்த வீட்டைப் புகழ்வோரில் பலர் இதனைப் பேசுவதில்லை. நாம் பேசாமலிருந்தால் நம் பேனாவுக்கு இழுக்கு.

வீடு கேட்டவர் அதிலே எத்தனை நாள் வாழ்ந்தார்? ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! 1985-இல் தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் மறையும்வரை அதுவே அவர் இல்லம். அந்த அறுபது ஆண்டிலே வீடு சும்மா இருக்கவில்லை. கீழ்த்தளத்தில் சில ஆண்டுகள் ரீட்வெல்ட் தமது பணிக்கூடத்தை நடத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறினர். அறைகள் வாடகைக்குச் சென்றன. சமையலறை மாடிக்கு ஏறியது. கூரைமீது ஒரு சிற்றறை முளைத்தது, பிறகு அகற்றப்பட்டது. மனைவி மறைந்தபின் முதிய ரீட்வெல்ட் அங்கே குடிவந்து, 1964-இல் அங்கேயே உயிர்நீத்தார். எதிரே பரந்து கிடந்த வயல்வெளியை 1960-களில் நெடுஞ்சாலை விழுங்கியது. குடும்பம் பெருகியது, குறைந்தது, வீடு இடிபடவில்லை.

ஒரு செல்வக் கைம்பெண்ணின் வீடு இது. அவரிடம் பணம் இருந்தது, மனை வாங்கினார், தச்சரை அமர்த்தினார், சுவரை நகர்த்தினார். ஆலைத் தொழிலாளி என்ன செய்வான்? மூன்றாம் மாடியிலே, ஏழாம் எண் கதவுக்குப் பின்னே, எவரோ வரைந்த மூன்று அறைகளில் வாழ்பவள் எந்தச் சுவரை நகர்த்துவாள்? கேள்வி எழுந்தது. விடை தேடிய ஒருவர் கிடைக்க முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

இடையிலே போர் வந்தது. 1940 முதல் 1945 வரை செர்மானியப் படையின் பிடியிலே கிடந்த ஹாலந்து, விடுதலை பெற்றபோது வீடிழந்து நின்றது. இடிந்தவை ஏராளம், போர்க்காலத்தில் புதிதாகக் கட்டியவையோ மிகச் சில. வீட்டுப் பஞ்சமே மக்களின் முதற்பகை என்று அரசியலார் முழங்கினர். கட்டினர்! வேகமாகக் கட்டினர், அடுக்கடுக்காகக் கட்டினர், ஆயிரம் வீட்டுக்கு ஒரே அச்சு. கூரையின்றித் தவித்தோர் உள்ளே சென்றனர். அந்தப் பணியைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த அச்சைச் செய்தவர் மனத்திலே ஒரு குடும்பம் இருந்தது: தந்தை, தாய், இரண்டு மூன்று பிள்ளைகள். தாய்க்குச் சமையலறை, தந்தைக்கு முன்னறையில் நாற்காலி. அந்தக் குடும்பம் வளர்ந்தால்? தாய் வேலைக்குச் சென்றால்? பாட்டி உடன்வந்து தங்கினால்? மணமுறிவு நேர்ந்து பாதிக் குடும்பம் பிரிந்து சென்றால்? அச்சுக்கு இவை தெரியா.

1961-இல் ஜான் ஹாப்ராக்கன் என்ற இளைஞர் ஒரு நூல் எழுதினார். அன்றைய டச்சுக் காலனியான இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 1928-இல் பிறந்து, ஹாலந்தில் கட்டடக் கலை பயின்றவர். நூலின் பெயரைத் தமிழில் சொன்னால், 'தாங்கிகளும் மக்களும்' என்றாகும். அச்சு வீடுகளின் முடிவு என்பது அதன் துணைத்தலைப்பு. அந்தத் துணிவை நோக்குங்கள்! நாடு முழுதும் அச்சு வீடுகள் எழும்பும் நேரத்திலே அவற்றின் முடிவைப் பறைசாற்றினார்.

அவர் வாதம் சிக்கலானதன்று. அங்காடியை எண்ணிப் பாருங்கள். கூரையும் நடைபாதையும் நகராட்சி அமைக்கிறது. அவை எல்லோருக்கும் பொது, நெடுநாள் நிற்பவை. உள்ளே பூக்கடைக்காரர் பலகையைத் தம் வசதிக்குப் போட்டுக்கொள்கிறார். துணிக்கடைக்காரர் அலமாரியை மாட்டிக்கொள்கிறார். பூக்கடை துணிக்கடையானால் கூரையை எவரும் பிரிப்பதில்லை. வீட்டையும் அப்படிப் பகுத்தார் ஹாப்ராக்கன். தூண், தளம், படிக்கட்டு, பெருங்குழாய் இவையெல்லாம் 'தாங்கி'. இவற்றைச் சமுதாயம் கூடி முடிவு செய்யட்டும், நூறாண்டு நிற்கும்படி கட்டட்டும். உட்சுவர், சமையலறை, குளியலறை, கதவு இவையெல்லாம் 'நிரப்பு'. இவற்றை வாழ்பவரே முடிவு செய்யட்டும், வேண்டும்போது மாற்றட்டும்.

இதிலே பொறியியல் கொஞ்சம், அரசியல்தான் அதிகம். யார் முடிவெடுப்பது என்ற கேள்வி இது. கோவிலின் உட்புறம் செல்ல உனக்கு உரிமையில்லை என்றனர் சிலர். வீட்டின் உட்புறத்தை அமைக்க உனக்கு அறிவில்லை என்றனர் வேறு சிலர். முன்னவர் கையில் மந்திரம். பின்னவர் கையில் வரைகோல். ஹாப்ராக்கன் தாமே வரைகோல் ஏந்தியவர். தம் தொழிலாரைப் பார்த்து, இந்த எல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். 1965 முதல் பத்தாண்டுகள் கட்டடக் கலைஞர்களின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை நடத்தி, உட்சுவர் எங்கே வரலாம், குழாய் எங்கே இறங்கலாம் என்பதற்கெல்லாம் அளவு வகுத்தார். பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துறைத் தலைவராகப் பணியாற்றினார். 2023-இல் மறைந்தார்.

பேசுவது எளிது, கட்டிக் காட்டு என்றனர். 1977-இல் பாப்பன்ட்ரெக்ட் என்னும் சிற்றூரிலே கட்டிக் காட்டினர். மோலன்ஃபிளீட் குடியிருப்பு என்பது பெயர். வரைந்தவர் ஃப்ரான்ஸ் வான் டர் வெர்ஃப். அத்தனையும் வாடகை வீடுகள். இதனை அடிக்கோடிட்டு வாசியுங்கள். முதலிலே கான்கிரீட் எலும்புக்கூட்டை எழுப்பினர். நடுவே முற்றங்கள், ஒழுங்கான இடைவெளியில் குழாய் இறங்கும் வழிகள். பிறகு குடிவருவோரை அழைத்தனர். ஒவ்வொரு குடும்பமும் கலைஞருடன் அமர்ந்து, சமையலறை இங்கே, படுக்கையறை அங்கே என்று தன் வீட்டைத் தானே வரைந்தது. தெருவைப் பார்க்கும் சாளரச் சட்டத்தின் நிறத்தைக்கூடக் குடியிருப்போரே தேர்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். ஒன்றைப்போல் மற்றொன்று அமையவில்லை. சொந்த வீட்டுக்காரனுக்கும் கிட்டாத உரிமை வாடகைக்காரிக்குக் கிட்டிற்று.

செலவு கூடாதா என்று கேட்போருண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஒழுங்கான அளவு வகுத்துவிட்டால் முதற்செலவு மலைபோல் ஏறுவதில்லை. திட்டமிடும் உழைப்புத்தான் மிகுகிறது. ஆனால் உண்மையான கணக்கு முதல் நாளில் முடிவதில்லை. ஒரு கட்டடத்திலே தூண் நூறாண்டு நிற்கும். குழாய் முப்பதாண்டில் துருவேறும். சமையலறை அதற்கும் முன்னே பழசாகும். மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பூசிவிட்டால், குழாய் கெடும்போது சுவரை உடைக்கவேண்டும். குடும்பம் மாறும்போது கட்டடத்தையே இடிக்கவேண்டும். இடித்தால் சுட்ட செங்கல்லும், எரித்த நிலக்கரியும், உருக்கிய இரும்பும் குப்பை! இயற்கையைக் காப்பது என்று இன்று எங்கும் பேசப்படுகிறதே, அதன் பெரும்பகுதி இந்த இடிபாட்டுக் கணக்கிலேதான் இருக்கிறது.

சப்பான் நாட்டார் இதனை நன்கு உணர்ந்தனர். முப்பதாண்டு அளவிலேயே வீடுகளை இடித்துக் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். 1993-இல் ஒசாகா எரிவாயு நிறுவனம் அந்நகரிலே பதினெட்டு வீடுகள் கொண்ட சோதனைக் கட்டடம் ஒன்றை எழுப்பியது. தளத்துக்கும் கால் வைக்கும் பலகைக்கும் இடையே வெளிவிட்டு, குழாய்களை அதிலே ஓடவிட்டனர். சமையலறையை எங்கும் நகர்த்தலாம். புறச்சுவரைக்கூடக் கழற்றி வேறிடத்தில் மாட்டலாம், மாட்டியும் பார்த்தனர். நெடுநாள் நிற்கும் வீடுகளை ஊக்குவிக்க 2008-இல் அங்கே சட்டமே இயற்றப்பட்டது.

இனி ஹாலந்துக்கே திரும்புவோம். ஹாப்ராக்கன் சொன்னதைக் கேளாமல் கட்டியது என்னவாயிற்று என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா? அவர் நூல் வெளிவந்து ஐந்தாண்டு கழித்து, 1966-இல் ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கே பைல்மர்மேர் என்ற பெருந்திட்டம் தொடங்கிற்று. தேன்கூட்டின் அறைபோல் மடிந்து மடிந்து செல்லும் நெடிய மாடிக் கட்டடங்கள், முப்பத்தொன்று, நடுவே பசும்புல்வெளி. நடுத்தர டச்சுக் குடும்பங்கள் ஓடிவரும் என்று எண்ணினர். அவர்களோ தோட்டமுள்ள சிறு வீடுகளைத் தேடி வேறு ஊர்களுக்குச் சென்றனர். 1975-இல் விடுதலை பெற்ற சூரினாமிலிருந்து வந்தோர் பலர், வேறிடத்தில் வீடு மறுக்கப்பட்டு, இங்கே குடியேறினர். கடைகள் போதவில்லை, சுரங்க ரயில் காலத்தே வரவில்லை, வாடகை மிகுதி, பராமரிப்புக் குறைவு. பழி எல்லாம் குடியிருந்தோர் தலையில்! சுவர் ஒன்றே காரணம் என்று நாம் வாதாட மாட்டோம். ஆனால் யாருக்கென்று வரைந்தார்களோ அவர்கள் வரவில்லை. வந்தவர்களுக்கேற்ப மாற வீட்டுக்குத் தெரியவில்லை. 1990-களில் தொடங்கி, அந்த அடுக்கு வீடுகளில் ஏறத்தாழப் பாதி இடித்துத் தள்ளப்பட்டது. அரை நூற்றாண்டுகூட நிற்காத கான்கிரீட்!

இடிப்பார் பட்டியலில் கடைசியாக நின்றது கிளைபர்க் என்ற கட்டடம். நானூறு மீட்டர் நீளம், பதினொரு மாடி, ஐந்நூறு வீடுகள். எவரேனும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டனர். ஒரு கூட்டமைப்பு அதனை ஒரே ஒரு யூரோவுக்கு வாங்கியது. வாங்கியவர்கள் செய்தது என்ன? தூக்கிகளைச் சீர்செய்தனர், நடைவழிகளைத் துலக்கினர், கீழ்த்தளத்தைத் திறந்து ஒளியூட்டினர். வீட்டின் உட்புறத்தைத் தொடவில்லை. சமையலறை இல்லை, குளியலறை இல்லை, வெப்பமூட்டும் கருவி இல்லை, அறையும் இல்லை. வெறும் கூட்டைக் குறைந்த விலைக்குத் தந்து, உள்ளே உன் விருப்பம் என்றனர். ஐம்பதாண்டுக்கு முன் ஹாப்ராக்கன் சொன்ன 'தாங்கி', இடிப்பதற்கு எழுதிவைத்த கட்டடத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது! சிலர் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டை வாங்கி நடுச்சுவரைத் திறந்தனர்; சிலர் மேலும் கீழுமாக வாங்கி இடையே படி அமைத்தனர். 2017-இல் ஐரோப்பாவின் உயரிய கட்டடக் கலைப் பரிசான மீஸ் வான் டெர் ரோ விருது, புதிதாக எழுப்பிய மாளிகை எதற்கும் செல்லாமல், பழுதுபார்த்த இந்தப் பழைய அடுக்கு வீட்டுக்குச் சென்றது.

மகிழ்ச்சிதான். எனினும் ஒரு வேறுபாடு நம் நெஞ்சை உறுத்துகிறது. கிளைபர்க்கிலே சுவரை நகர்த்தும் உரிமை, விலை கொடுத்து வாங்கியோருக்கு. பாப்பன்ட்ரெக்டிலே அது, மாதா மாதம் வாடகை கொடுத்தோருக்கு இருந்தது.